பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அணு ஆயுதத்தை ஆராய முடியுமா?

சேலத்தில் எம்.எஸ்சி இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறீர்கள். அணு ஆயுதம், விண்வெளிப் பாதுகாப்பு இவற்றின் கொள்கை ஆராய்ச்சிக்குப் போக ஆசை. என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வி கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது. அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், "எல்லாத்தையும் கவர்மென்ட் பூட்டி வெச்சிருக்கு, வெளியில நின்னுக்கிட்டு நீ என்னத்த ஆராயப் போற?" என்று கேட்கிறார், உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தத் துறையில் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அப்பா கேட்டிருக்கிறார். அதை முதலில் பார்த்துவிடுவோம். காலேஜ் விஷயம் அப்புறம்.

நானும் சேலம்தான். ஜாகீர் அம்மாபாளையத்தில் வளர்ந்து, இயற்பியல் படித்து, பிறகு இருபத்து நான்கு வருடம் டெல்லியிலும் கொஞ்ச காலம் வெளிநாட்டிலும் இதே வேலை. இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். அரசாங்கத்துக்குள் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை, ரகசியக் கோப்பு எதையும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் நான் சொல்வதெல்லாம் வெளியில் நின்றவளின் அனுபவம். அணுசக்தித் துறைக்குள்ளோ, ராணுவத்துக்கான ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்குள்ளோ போக வேண்டுமென்றால் அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மேக்னசைட் சுரங்கம். வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் தரை ஒரு குலுக்குக் குலுக்கும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். பாட்டி முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னிக்கு மேக்காலக் குழியில வெச்சிருக்கான், மருந்து கம்மி" என்பாள். அவள் சுரங்கத்துக்குள் கால் வைத்ததே இல்லை. டம்ளருக்கும் சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம், ஜன்னல் எப்படி அதிர்ந்தது, முப்பது வருடப் பழக்கம், இவ்வளவுதான் அவள் கையில் இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வை வைத்து எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பொக்ரானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 மே 11 அன்று மூன்று குண்டுகள் ஒரே நேரத்தில் வெடிக்கப்பட்டன. அவற்றில் ஹைட்ரஜன் குண்டு மட்டும் 45 கிலோடன் (ஒரு கிலோடன் என்றால் ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல்) என்று நம் அணுசக்தித் துறை அறிவித்தது. வெளிநாட்டு நிலையங்களில் பதிவான நில அதிர்வு அளவு சுமார் 5.2. இந்த அளவுக்கும் கிலோடன்னுக்கும் இடையே இருப்பது மடக்கை உறவு, அதாவது அளவு கொஞ்சம் கூடினாலே கிலோடன் பல மடங்கு கூடும். கெட்டிப் பாறைக்கு வழக்கமாகப் போடும் சூத்திரத்தில் போட்டால் மூன்றும் சேர்ந்தே 10 கிலோடன் பக்கம்தான் வரும். அப்படியானால் அரசு சொன்னது பொய்யா? அவசரப்படக் கூடாது. அதே குண்டைத் தளர்ந்த மண்ணடுக்கில் வெடித்தால் அதிர்வு கம்மியாகத்தான் வெளியே போகும். சூத்திரத்தின் மாறிலி 0.3 தள்ளிப்போனாலே விடை இரண்டரை மடங்கு மாறிவிடும். ஒரே நேரத்தில் வெடித்த குண்டுகளின் அலைகள் ஒன்றையொன்று குறைத்துக்கொண்டன என்றும் நம் விஞ்ஞானிகள் வாதிட்டார்கள். இத்தனையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வெளிநாட்டு நில அதிர்வு ஆய்வாளர்கள் பலர் அறிவித்ததில் பாதிக்கும் குறைவாகவே மதிப்பிட்டார்கள். 2009-ல், அந்தச் சோதனையில் டிஆர்டிஓ தரப்புப் பொறுப்பில் இருந்த கே. சந்தானமே, ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். சோதனையின்போது அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் உள்ளிட்டோர் அதை மறுத்தார்கள்.

இதில் என்ன உறுதி? வெடித்தது, வெடித்த இடம், வெடித்த நேரம், பதிவான அளவு. இதெல்லாம் உலகத்தில் எந்த நிலையமும் சரிபார்த்துக்கொள்ளக்கூடியது. ஓரளவு உறுதி: மொத்த ஆற்றல் அறிவித்ததைவிடக் குறைவாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியில் இருந்து சொல்லவே முடியாதது: ஹைட்ரஜன் குண்டின் இரண்டாம் கட்டமான அணுக்கரு இணைவுப் பகுதி எந்த அளவு எரிந்தது என்பது. அது பூட்டுக்குள்தான் இருக்கிறது. அப்பா சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் பூட்டுக்கு வெளியே கிடப்பது அவர் நினைப்பதைவிட ரொம்ப அதிகம். உங்கள் வீட்டுப் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு தகவலும் எத்தனை டச், அதாவது நூற்றுக்கு எவ்வளவு சுத்தம், என்று பார்த்துச் சொல்கிற வேலை இது. நூறு டச் வெள்ளி என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் அப்பா அப்படியே வாங்கிக்கொள்வாரா? உருக்கிப் பார்க்க விடாவிட்டாலும் உரைத்தாவது பார்ப்பார் அல்லவா?

விண்வெளிப் பக்கம் இன்னும் வசதி, ஏனென்றால் மேலே பறப்பதை யாரும் பூட்டி வைக்க முடியாது. 2019 மார்ச் 27, மிஷன் சக்தி அன்று நான் லீவில் ஏற்காட்டில் இருந்தேன். வாசலில் தார்ப்பாயை விரித்து மிளகு காயப்போட்டிருந்தோம். மதியம் ஒரு தொலைக்காட்சியிலிருந்து போன். நம் ஏவுகணை நம் செயற்கைக்கோளையே சுட்டு வீழ்த்தியிருக்கிறது, குப்பை எத்தனை நாளில் கீழே விழும், ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார்கள். வாரங்களில் விழுந்துவிடும் என்று வெளியுறவு அமைச்சகம் சொல்லியிருந்தது. நான் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மிளகு எடை எழுதி வைத்திருந்த நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். உங்களுக்கும் அது கஷ்டமில்லை. சுடப்பட்ட மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டிருந்தது சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில், வேகம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர். மோதலில் ஒரு துண்டுக்கு அது போகிற திசையிலேயே நொடிக்கு 200 மீட்டர் கூடுதல் வேகம் கிடைக்கிறது என்று வையுங்கள். அதன் பாதையின் அடிப்பக்கம் அதே 280-ல் நிற்கும், மறுபக்கம் 1000 கிலோமீட்டருக்கு மேலே எகிறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது மட்டும் காற்று அதைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும், மற்ற நேரமெல்லாம் காற்று கிட்டத்தட்ட இல்லாத உயரத்தில் உலாவும். அதனால் நான் சொன்னது: பெரும்பாலானவை சில வாரங்களில் விழும், சில துண்டுகள் மாதக்கணக்கில் நிற்கும், ஒன்றிரண்டு வருடம் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. சாயங்காலச் செய்தியில் "சில வாரங்களில் விழும்" வரை போட்டார்கள். மீதியை வெட்டிவிட்டார்கள்.

ஐந்து நாள் கழித்து நாசா தலைவர், 24 துண்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்தைவிட உயரத்துக்குப் போயிருக்கின்றன என்றார். கண்காணிப்புப் பட்டியலில் ஏறிய நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளில் கடைசியானவை விழ 2022 ஆகிவிட்டது. இதைச் சொன்னால் நம்மூரில் தேசத்துரோகி என்பார்கள், வெளிநாட்டில் கைதட்டுவார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. 2007 ஜனவரியில் சீனா இதே சோதனையைச் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் செய்தது. 3000-க்கும் மேற்பட்ட துண்டுகள் பதிவாயின, பெரும்பகுதி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2021 நவம்பரில் ரஷ்யா செய்ததில் சுமார் 1500 துண்டுகள். விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், ரஷ்ய வீரர்கள் உட்பட, தப்பிக்கும் கலங்களுக்குள் போய் உட்கார வேண்டியிருந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் நாம் தாழ்வான உயரத்தைத் தேர்ந்தெடுத்தது பொறுப்பான முடிவு. "வாரங்களில் விழும்" என்றது மிகைப்படுத்தல். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் தைரியம் வேண்டும். இயற்பியல் படித்தவருக்கு அந்தத் தைரியம் கொஞ்சம் சுலபமாக வரும், கணக்கு கையில் இருக்கிறதே.

அணுவையும் விண்வெளியையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள். 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். சுமார் 1400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. அப்போது மேலே இருந்த கொஞ்சநஞ்சச் செயற்கைக்கோள்களில் பல கதிர்வீச்சில் செத்தன. அடுத்த வருடமே விண்வெளியில் அணுச் சோதனை வேண்டாம் என்று ஒப்பந்தம் வந்தது, 1967-ல் விண்வெளி ஒப்பந்தம். அதன் நான்காவது பிரிவைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். விண்வெளியில் ஆயுதமே கூடாது என்று அதில் இல்லை. பூமியின் சுற்றுப்பாதையைப் பொறுத்தவரை, அணு ஆயுதத்தையும் மற்ற பேரழிவு ஆயுதங்களையும் அங்கே வைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை விண்வெளி வழியாகப் போனால் அது தடையில் வராது. சாதாரண வெடிமருந்து ஏவுகணையால் செயற்கைக்கோளைச் சுட்டாலும் வராது. 2024-ல், ரஷ்யா அணு ஆயுதம் வைத்த செயற்கைக்கோள் ஒன்றைத் தயாரிக்கிறது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியபோது இந்தப் பழைய பிரிவு மறுபடி மேசைக்கு வந்தது. ரஷ்யா மறுத்தது. ஏப்ரலில் ஐநா பாதுகாப்புச் சபையில் அந்தப் பிரிவை வலியுறுத்தும் தீர்மானத்தை வீட்டோ செய்தது. குற்றச்சாட்டுக்கு அடிப்படையான உளவுத் தகவல் வெளியிடப்படவில்லை, அதனால் இதில் நான் "குற்றம் சாட்டியது" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். வாக்கெடுப்பு மட்டும் நூறு டச்.

கணக்கு பாதிதான். மீதிப் பாதி, வார்த்தையை உற்றுப் படிப்பது. இயற்பியல்காரர்கள் இங்கேதான் வழுக்குவார்கள், நானும் வழுக்கினேன். 1999 ஆகஸ்டில் வெளியான நம் அணுக் கோட்பாட்டு வரைவில், தாக்கினால் தண்டிக்கும் வகையில் பதிலடி என்று இருந்தது. 2003 ஜனவரியில் அரசு வெளியிட்ட குறிப்பில் அது பெருமளவிலான பதிலடி ஆனது. ஒரே ஓர் அடைமொழி. எதிரி சின்னதாக ஒரு குண்டைப் போர்க்களத்தில் போட்டாலும் நாம் ஊர்களையே அழிப்போம் என்று அர்த்தமா, அதை எதிரி நம்புவானா என்று இருபது வருடமாக ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதே 2003 குறிப்பில், முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிமொழிக்குப் பக்கத்திலேயே உயிரியல், ரசாயன ஆயுதத் தாக்குதலுக்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. முதல் தடவை படித்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் முதல் கட்டுரையைத் திருத்திய பெரியவர் அந்த வரியைச் சிவப்பு மையில் கட்டம் கட்டி, பக்கத்தில் ஒன்றுமே எழுதாமல் திருப்பி அனுப்பினார்.

சரி, வழி. இந்தியாவில் இந்தத் துறைக்கு உருவம் கொடுத்த கே. சுப்பிரமணியம் நம் பக்கத்து ஊர்க்காரர்தான். 1929-ல் திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, ஐஏஎஸ் ஆனவர். டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐடிஎஸ்ஏவுக்கு இரண்டு முறை இயக்குநர். நான் சொன்ன 1999 வரைவைத் தயாரித்த ஆலோசனைக் குழுவை நடத்தியவரும் அவர்தான். அறிவியல் பட்டம் இந்தத் துறைக்குத் தடை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது உங்களுக்கு முன்னால் இருப்பது இரண்டு பாதை. ஒன்று, சர்வதேச உறவுகள் அல்லது பாதுகாப்பு ஆய்வுக்கு மாறிவிடுவது: ஜேஎன்யு இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்தந்திர ஆய்வுகள் துறை இருக்கிறது, அந்தப் பாடத்துக்கு யுஜிசி நெட் தேர்வும் உண்டு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு, இயற்பியலிலேயே முனைவர் பட்டம் முடித்துவிட்டுக் கொள்கைப் பக்கம் வருவது. இந்த இரண்டாவது வகை ஆட்கள் இந்தியாவில் குறைவு, அதனால் மதிப்பு அதிகம். பெங்களூருவில் நியாஸ் என்ற உயர் ஆய்வு நிறுவனத்தில் பொறியாளர்களையும் பாதுகாப்பு ஆய்வாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிற வழக்கம் உண்டு. சேலத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாள்கூட இல்லை, ஒரு கருத்தரங்குக்காவது போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள், ஜெனீவாவில் ஐநாவின் ஆயுதக் குறைப்பு ஆய்வு நிறுவனமான யுனிடிர், ஸ்டாக்ஹோமில் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரி. உங்களுக்கு நான் இரண்டாவது பாதையைத்தான் சொல்வேன். ஆனால் இது என் சாய்வு, விதி இல்லை.

வருமானத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒரு வருடம், இரண்டு வருடம், பிறகு புதுப்பித்தால் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நிதி நின்றதும் மார்ச் 31-க்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பன்னிரண்டு அட்டைப்பெட்டி புத்தகத்தோடு சேலம் ரயிலுக்கு வந்து நின்றேன். பிறகு ஏழு மாதம் மொழிபெயர்ப்பு செய்து ஓட்டினேன். அப்பா கேட்பது உண்மையில் இதுவாக இருந்தால், அவர் கவலை நியாயமானது. நிரந்தர வேலை வேண்டுமென்றால் பல்கலைக்கழக ஆசிரியர் பணியை ஒரு கண் வைத்துக்கொண்டே இருங்கள். பெண் என்பதால் வரும் தொல்லைகளும் உண்டு. ஓய்வுபெற்ற தளபதிகள் நிறைந்த அறையில் முதல் ஐந்து வருடம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி, டீ எப்போது வரும் என்பதுதான்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1923-ன் அலுவல் ரகசியச் சட்டம், அணுசக்தித் துறைக்கான சட்டம் இரண்டும் விளையாட்டில்லை. என்றைக்காவது யாராவது "உள்ளே இருந்து வந்தது" என்று ஒரு காகிதத்தை நீட்டினால் கையால் தொடாதீர்கள். நம் வேலைக்கு அது தேவையே இல்லை. பாராளுமன்றப் பதில்கள், தணிக்கை அறிக்கைகள், வணிகச் செயற்கைக்கோள் படங்கள், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள், பழைய பத்திரிகைகள், இவற்றைப் படித்து முடிக்கவே ஆயுசு போதாது. இன்னொன்று: வெளியில் கிடைப்பதையெல்லாம் சேர்த்தால் ஆபத்தானதாக மாறுகிற சங்கதிகளும் உண்டு. அவற்றை எழுதாமல் விடுவதும் வேலையில் சேர்த்திதான்.

ஊரிலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. லேத் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் போன வருடம் ஒரு வெளிநாட்டு ஆர்டரைக் காட்டி, "அக்கா, இந்த வால்வை அனுப்பலாமா, லைசென்ஸ் வேணுமா?" என்று கேட்டான். தண்ணீர்க் குழாய்க்கு என்றால் ஒன்றுமில்லை. ஆனால் எந்த உலோகம், எவ்வளவு அழுத்தம், யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அது ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் விழலாம். உட்கார்ந்து பட்டியலை வரி வரியாகப் பார்த்தோம். ஒரே பொருள் இரண்டு வேலைக்கும் ஆகும் என்பதுதான் இந்தத் துறையின் அடிநாதம். 1980-ல் ரோகிணி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோன எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் கட்டம்தான், 1989-ல் பறந்த முதல் அக்னி ஏவுகணையின் முதல் கட்டம். இப்படி ஒரே பொருள் இரண்டுக்கும் ஆகும் என்பதால்தான், பல நாடுகள் சேர்ந்த ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு, 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோகும் திறன் என்று ஒரு கோடு போட்டது; அந்த அமைப்புக்கு வெளியே பல வருடம் நின்ற நாம் 2016-ல் உள்ளே போனோம். இந்தப் பட்டியல்களைப் படிக்கத் தெரிந்த ஆள் சேலத்தில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். பட்டறைக்காரர்கள் காசு கொடுத்துக் கேட்பார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் செலவழித்து ஒன்று செய்துபாருங்கள். செயற்கைக்கோள் பாதைகளின் இரண்டு வரித் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பதிவு செய்தால் போதும், பழையதும் இருக்கும். மைக்ரோசாட்-ஆர் துண்டுகளுக்கான 2019 ஏப்ரல் மாதத் தரவை இறக்குங்கள். இரண்டாம் வரியில் பாதை எவ்வளவு நீள்வட்டம் என்பதும், ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதும் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு துண்டின் தாழ்ந்த உயரத்தையும் உச்ச உயரத்தையும் கணக்கிட்டு, சுற்றுக்காலத்துக்கு எதிரே புள்ளி வையுங்கள். தாழ்ந்த உயரங்கள் ஒரு கோட்டில் ஒட்டிக் கிடக்க, உச்ச உயரங்கள் ஏணி வைத்தாற்போல் மேலே ஏறும். அப்புறம் சீனத் துண்டுகளுக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, எது உறுதி, எது ஊகம் என்று பிரித்து ஒரு பக்கம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். எழுதியதை இங்கேயே போடுங்கள், நான் பார்க்கிறேன். அதற்கு முன்னால் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள், எங்கே அவர் "அதெப்படி உனக்குத் தெரியும்?" என்று கேட்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.